உலாவி வழியே ஸ்விட்சை அமைக்கும்போது இணைப்பு அறுந்துவிட்டால்: காரணமும் மீளும் வழியும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இவ்வாறு. அலுவலகத்தில், கணினிகளையும் கேமராக்களையும் வலைப்பின்னலாக இணைக்கும் டி-லிங்க் டிஜிஎஸ்-1210 வரிசையைச் சேர்ந்த 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருக்கிறீர்கள். கண்காணிப்புக் கேமராக்களை ஒரு விலானிலும் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து அமைக்கும் தனி வலைப்பின்னல்) கணக்குப் பிரிவுக் கணினிகளை இன்னொரு விலானிலும் பிரித்து வைப்பதற்காக, உலாவியில் ஸ்விட்சின் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து அமைப்புகளை மாற்றினீர்கள். 'அப்ளை' அழுத்தியவுடன் பக்கம் சுழன்றுகொண்டே நின்றுவிட்டது. அதன்பின் அந்த முகவரி திறக்கவே இல்லை. ஆனால் கேமராக்கள் வழக்கம்போல் ஓடுகின்றன. ஸ்விட்ச் பழுதாகிவிட்டதா, ரீசெட் செய்யலாமா, இதையெல்லாம் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைன் வழியாகத்தான் செய்திருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

ஸ்விட்ச் பழுதாகவில்லை. ரீசெட் பொத்தானை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை அழுத்தினால் இதுவரை செய்த வேலை முழுவதும் அழிந்துபோகும், பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

மேலாண்மைப் பக்கம் செத்துக் கிடக்கக் கேமரா மட்டும் எப்படி ஓடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஸ்விட்சுக்குள் இரண்டு வேறுபட்ட வேலைகள் நடக்கின்றன. ஒரு போர்ட்டில் வரும் ஃபிரேமை, அதாவது தரவுப் பொட்டலத்தை, இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும் வேலையை அதற்கென்றே செய்யப்பட்ட சிப் கவனித்துக்கொள்கிறது. 24 கிகாபிட் போர்ட்டுகளும் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓடினால் வரும் 48 கிகாபிட் போக்குவரத்தையும் அது தானே சமாளிக்கும். உங்கள் உலாவிக்குப் பக்கத்தை அனுப்புவதோ அதே பெட்டிக்குள் ஒரு மூலையில் இருக்கும் மிகச் சிறிய செயலி. அந்தச் செயலியை, ஸ்விட்சின் உள்ளே மாட்டப்பட்ட இன்னொரு கணினி என்றே நினைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு, அதுவும் ஏதோ ஒரு விலானுக்குள்தான் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும்போது அந்த விலானின் எண் 1. எனவே நீங்கள் எந்த வலைப்பின்னலை மாற்றுகிறீர்களோ, அதே வலைப்பின்னலின் வழியேதான் மாற்றும் கட்டளையும் போகிறது. நுனிக்கொம்பில் அமர்ந்து அடிக்கொம்பை வெட்டும் நிலை இதுதான். உலாவி வழி மேலாண்மையில் கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கிறது.

உங்களுக்கு நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 802.1கியூ (விலானுக்கான பொதுத் தரம்) என்ற விலான் பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று வட்டங்கள் இருக்கும்: டேக் இல்லாத உறுப்பினர், டேக் உள்ள உறுப்பினர், உறுப்பினர் அல்ல. டேக் என்பது, ஃபிரேம் எந்த விலானைச் சேர்ந்தது என்று அதிலேயே சேர்க்கப்படும் குறி. டி-லிங்கின் இந்த வரிசையில், சாதாரண அமைப்பில், ஒரு போர்ட் ஒரே ஒரு விலானில்தான் டேக் இல்லாத உறுப்பினராக இருக்க முடியும். ஆகவே 5ஆம் போர்ட்டை விலான் 20இல் சேர்ப்பதற்கு முன் அதை விலான் 1இலிருந்து நீக்கியாக வேண்டும். நீங்கள் விலான் 1ஐத் திறந்து, தேவையான போர்ட்டுகளையெல்லாம் 'உறுப்பினர் அல்ல' என்று குறித்து, அப்ளை அழுத்தியிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் மடிக்கணினி மாட்டியிருந்த போர்ட்டும் சேர்ந்திருக்கும். கட்டளை போய்ச் சேர்ந்தது, ஸ்விட்ச் அதை அப்படியே நிறைவேற்றியது, 'முடிந்தது' என்று சொல்ல வரும் பதிலுக்கு மட்டும் வழி இல்லாமல் போனது. சுழன்றுகொண்டிருந்த அந்தப் பக்கம், வர முடியாத பதிலுக்காகக் காத்திருந்தது.

டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108ஈ, நெட்கியர் ஜிஎஸ்108ஈ போன்ற சிறிய ஸ்விட்சுகளில் இதே விபத்து வேறு உருவில் வரும். அவற்றில் பிவிஐடி என்ற எண்ணுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேம் எந்த விலானைச் சேர்ந்தது என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது; போர்ட் எந்த விலான்களின் உறுப்பினர் என்பது, வெளியே போகும் ஃபிரேமைப் பற்றிய விதி. உறுப்பினர் பட்டியலை மாற்றிவிட்டு பிவிஐடியை மறந்தால் போக்குவரத்து ஒருவழியாகிவிடும், எங்கே தவறு என்றே புலப்படாது. விலான் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டும் பொருந்துகின்றனவா என்பதைத்தான்.

இனி மீளும் வழி. ஸ்விட்சில் விலான் 1இலேயே விட்டுவைத்த போர்ட் ஏதேனும் இருக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிச் சில போர்ட்டுகளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மடிக்கணினியின் கேபிளை அங்கே மாற்றுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உலாவி அந்தப் பக்கமாகப் போய்த் தேடிக்கொண்டிருக்கக்கூடும். மடிக்கணினிக்கு ஸ்விட்சின் முகவரியோடு ஒத்துப்போகும் நிலையான முகவரி ஒன்றைக் கொடுங்கள். ஸ்விட்ச் இன்னும் ஆலை முகவரியான 10.90.90.90இலேயே இருந்தால் மடிக்கணினிக்கு 10.90.90.91, மாஸ்க் 255.0.0.0 என்று கொடுத்தால் போதும். பக்கம் திறந்துவிடும்.

எல்லாப் போர்ட்டுகளையும் மாற்றிவிட்டிருந்தால், அடுத்து உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி: 'சேவ்' செய்தீர்களா? இங்கே 'அப்ளை' வேறு, 'சேவ்' வேறு. அப்ளை செய்த மாற்றம் உடனே நடைமுறைக்கு வருகிறது, ஆனால் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மேல்பட்டையில் உள்ள சேவ் பட்டியலுக்குப் போய்ச் சேமித்தால்தான் அது மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகும். இணைப்பு அறுந்த கணத்தில் உங்களால் சேவ் அழுத்தியிருக்கவே முடியாது. ஆகவே மின் இணைப்பைப் பிடுங்கி, பத்து எண்ணிவிட்டு மறுபடி மாட்டினால், கடைசியாகச் சேமித்த பழைய அமைப்போடு ஸ்விட்ச் எழுந்துவரும். கேமராக்கள் ஒன்றிரண்டு நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். இதுவும் பலிக்காதபோதுதான் ரீசெட். அதற்கு எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்பது வன்பொருள் பதிப்புக்கேற்ப மாறும். குறைவாக அழுத்தினால் வெறும் மறுதொடக்கமாகவே முடிந்துவிடக்கூடும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள பதிப்பு எழுத்தைப் பார்த்து, அந்தப் பதிப்புக்குரிய கையேட்டைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

சேவ் செய்யாத நிலை இப்படி உங்களைக் காப்பாற்றும், அதே நிலை கழுத்தையும் அறுக்கும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று திருப்தியோடு உலாவியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு, மூன்று மாதம் கழித்து ஒரு மின்வெட்டுக்குப் பிறகு விலான்கள் அனைத்தும் காணாமல் போயிருக்கும். சிஸ்கோவின் சிறு வணிக ஸ்விட்சுகளில் சேமிக்காத மாற்றம் இருக்கும்வரை சேவ் என்பதற்கு அருகே ஒரு சிவப்புக் குறி மின்னிக்கொண்டிருக்கும். மிக நல்ல ஏற்பாடு அது. அத்தகைய எச்சரிக்கை இல்லாத ஸ்விட்சில் அந்த நினைவை நாம்தான் சுமக்க வேண்டும். எல்லா ஸ்விட்சும் இப்படி இரண்டு படி வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெட்கியரின் பிளஸ் வகைச் சிறிய ஸ்விட்சுகளில் அப்ளை செய்ததே நிலையாகிவிடும். அங்கே மின்சாரத்தைப் பிடுங்குவது எதையும் திருப்பித் தராது.

மறுபடி உள்ளே நுழைந்ததும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே வரிசைதான் எல்லாமே. எந்தப் போர்ட் வழியாக மேலாண்மை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 23ஆம் போர்ட் என்று வைத்துக்கொள்வோம். அது கடைசிவரை விலான் 1இலேயே இருக்கட்டும், அதன்மீது 'மேலாண்மைக்கு மட்டும்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்து கேமராக்களுக்கு விலான் 20, கணக்குப் பிரிவுக்கு விலான் 30 இரண்டையும் உறுப்பினர் யாரும் இல்லாமல் உருவாக்குங்கள். விலான் எண்ணுக்கு 12 பிட் இடம் என்பதால் 1 முதல் 4094 வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பின்னால் படிப்பவருக்குப் புரியும்படி இடைவெளி விட்டு வைப்பது நல்லது. பிறகு ரவுட்டருக்கோ அடுத்த ஸ்விட்சுக்கோ போகும் அப்லிங்க் போர்ட்டை இரண்டு விலான்களிலும் டேக் உள்ள உறுப்பினராகச் சேருங்கள். விலான் 1இல் அது டேக் இல்லாமல் இருந்தபடியே இருக்கட்டும். டேக் உள்ள உறுப்பாண்மையைக் கூட்டுவதால் ஏற்கெனவே ஓடும் எதுவும் அறுவதில்லை. இதன் பிறகே கேமரா போர்ட்டுகளை விலான் 1இலிருந்து விடுவித்து 20க்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் ஒரே ஒரு போர்ட்டை மாற்றி, அந்தக் கேமரா பதிவுக் கருவியில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தொடருங்கள். எல்லாம் சரியென்றால் சேவ். அந்தச் சேவ் வரைக்கும் ஒவ்வொரு தவறும் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் தீர்ந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்விட்சுகள் இருந்தால் தொலைவில் இருப்பதை முதலில் மாற்றிவிட்டு, அருகில் இருப்பதற்குப் பிறகு வர வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டேன். தரைத்தளத்தில் அமர்ந்து, எனக்கு அருகில் இருந்த ஸ்விட்சின் அப்லிங்கை விலான் 1இலிருந்து எடுத்து, புதிய மேலாண்மை விலானில் டேக்கோடு வைத்தேன். மூன்றாம் மாடி ஸ்விட்சுக்கு அந்த டேக் என்னவென்றே இன்னும் சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்த நொடியில் மேலே இருந்த கணினி ஆய்வகம் முழுவதும் இருண்டது. தேர்வு நாள் வேறு. ஏணி தேடி, பொய்க்கூரைப் பலகையைத் தள்ளி, தூசிக்குள் கையை விட்டு அந்த ஸ்விட்சில் கேபிள் மாட்டிச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. மேலே இருந்ததை முதலில் மாற்றியிருந்தால், அதுவரை அது கைநழுவிப் போனாலும், அருகில் இருந்ததை மாற்றிய மறுகணம் இரண்டும் பொருந்தி வழி திறந்திருக்கும். அன்றிலிருந்து வரிசையைத் தாளில் எழுதாமல் நான் எந்த விலானையும் தொடுவதில்லை.

ஸ்விட்சின் முகவரியை மாற்றுவதும் இதே வகைச் செயல்தான். 10.90.90.90ஐ அலுவலகத்துக்குரிய 192.168.10.2 என்று மாற்றி அப்ளை அழுத்தினால் பக்கம் உறைந்து நிற்கும்; பதறாமல் மடிக்கணினியின் முகவரியை அந்த வரிசைக்கு மாற்றி, புதிய முகவரியை உலாவியில் தட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்சுகளை வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டு அமைக்கத் தொடங்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே ஆலை முகவரி என்பதால், ஒன்றின் பக்கம் என்று நினைத்து மற்றதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். தனித்தனியாக மேசையில் வைத்து முகவரி கொடுத்துவிட்டுப் பிறகு ரேக்கில் ஏற்றுங்கள். ஒன்றை முடித்து அடுத்ததை மாட்டும்போது பக்கம் திறக்க மறுத்தால், மடிக்கணினி பழைய ஸ்விட்சின் மேக் முகவரியை (வன்பொருளுக்கே உரிய எண்) நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நினைவான ஏஆர்பி பட்டியலை அழித்தாலோ சற்றுப் பொறுத்தாலோ சரியாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கேமராவையும் கணக்குப் பிரிவையும் பிரித்தபின், கணக்காளர் தம் கணினியிலிருந்து கேமராக் காட்சியைப் பார்க்க முடியாது. அது ஸ்விட்சின் குறையல்ல, பிரித்ததன் நோக்கமே அதுதான். யாராவது பார்க்க வேண்டுமென்றால் விலான்களுக்கு இடையே வழிவிடும் ரவுட்டர் தேவை. இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் சாதாரண ரவுட்டர்களில் பலவற்றுக்கு அவற்றின் லேன் பக்கத்தில் டேக் என்பது புரியாது. வாங்குவதற்கு முன் 802.1கியூ ஆதரவு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. ஸ்விட்சைக் கைப்பற்றியவர், அதன் வழியே செல்லும் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கவும் திசைதிருப்பவும் முடியும். போர்ட் மிர்ரரிங் என்ற ஒரு பக்கம் போதும், கணக்குப் பிரிவின் போக்குவரத்து முழுவதையும் இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுக்க. ஆகவே ஆலைக் கடவுச்சொல்லான 'அட்மின்' என்பதை முதல் நாளே மாற்றுங்கள். மறையாக்கிய இணைப்பான எச்டிடிபிஎஸ் இருந்தால் அதை இயக்கி, வெறும் எச்டிடிபியை அணைத்துவிடுங்கள். உலாவி அப்போது 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாகக் காட்டும். ஸ்விட்ச் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் என்பதால் அப்படி வருகிறது. நேரடிக் கேபிளில் இருக்கும்போது அதை ஏற்றுக்கொள்ளலாம். மிகப் பழைய ஸ்விட்சுகளில் வேறு சிக்கல் உண்டு: முக்கிய உலாவிகள் அந்த மறையாக்க முறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகளை 2020இல் கைவிட்டுவிட்டதால், அவற்றின் எச்டிடிபிஎஸ் பக்கம் இன்றைய உலாவியில் திறக்கவே மறுக்கும். அதற்காக எச்டிடிபியையே நம்பியிருப்பதைவிடப் புதிய ஃபர்ம்வேர் (ஸ்விட்சின் உள்மென்பொருள்) இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

மேலாண்மைப் பக்கத்தை எந்தக் காரணம் கொண்டும் இணையத்திலிருந்து எட்டும்படி வைக்காதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடுவது) செய்வது பெரும் ஆபத்து. 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் உலாவி இடைமுகத்தில் சிவிஇ-2023-20198 என்ற ஓட்டை வெளிப்பட்டது. பெரிய நிறுவனங்கள் நம்பிப் பயன்படுத்தும் கேட்டலிஸ்ட் 9000 வரிசை ஸ்விட்சுகளும் அந்த மென்பொருளில்தான் இயங்குகின்றன. கடவுச்சொல் எதுவும் இல்லாமலேயே உச்ச உரிமை கொண்ட கணக்கு ஒன்றைத் தாக்குபவரால் உருவாக்க முடிந்தது. தீவிர அளவுகோலில் அதற்கு 10க்கு 10 கொடுக்கப்பட்டது. இணையத்தை நோக்கியிருக்கும் கருவிகளில் அந்த உலாவிச் சேவையையே அணைத்துவிடுங்கள் என்று சிஸ்கோ அறிவுறுத்தியது. வலுவான கடவுச்சொல் வைத்திருந்தவரையும் அந்தக் கடவுச்சொல் காப்பாற்றவில்லை. எட்ட முடியாத இடத்தில் பக்கத்தை வைத்திருந்தவரே தப்பினார். உங்கள் ஸ்விட்சில் 'டிரஸ்டட் ஹோஸ்ட்' என்ற பக்கம் இருக்கிறது, எந்த ஐ.பி. முகவரிகளிலிருந்து மட்டும் நுழையலாம் என்று அதில் எழுதலாம். அதிலும் உங்கள் முகவரியை முதலில் சேர்த்துவிட்டு அதன் பிறகே அதை இயக்குங்கள். இங்கேயும் அதே நுனிக்கொம்புதான். வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்யாமல் தாவலை மூடிவிடும் பழக்கத்தையும் விடுங்கள். அமர்வு திறந்தே இருக்கும்போது அதே உலாவியில் வேறு தளங்களுக்குப் போவது, அந்தத் தளங்கள் உங்கள் பெயரில் ஸ்விட்சுக்குக் கட்டளை அனுப்ப வாய்ப்புக் கொடுப்பதாகும்.

உலாவி இடைமுகத்தில் நான் மிகவும் மதிப்பது அமைக்கும் பக்கங்களைக் காட்டிலும் பார்க்கும் பக்கங்களைத்தான். போர்ட் புள்ளிவிவரத்தில், சிதைந்து வரும் ஃபிரேம்களைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளோ அதன் முனையோ கெட்டிருக்கிறது. கேபிள் பரிசோதனைப் பக்கத்தில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால், எந்த இணைக் கம்பி எத்தனை மீட்டர் தூரத்தில் அறுந்திருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடும். 38 மீட்டர் என்று அது சொன்னதை நம்பிப் போய்ப் பார்த்து, நாற்காலிக் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்த கேபிளைக் கண்டெடுத்திருக்கிறேன். கேபிள் வழியே மின்சாரமும் தரும் பிஓஇ மாதிரியாக இருந்தால், இயங்காமல் உறைந்துபோன கேமராவை ஏணி ஏறாமலேயே மறுதொடக்கம் செய்யலாம்: அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை அணைத்து, மறுபடி இயக்கினால் போதும். பிஓஇ மாதிரிகளில் மொத்த மின்திறன் வரம்பையும் பாருங்கள். 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24 போர்ட்டுக்கு ஏறத்தாழ 370 வாட் ஆகிறது. ஸ்விட்சின் மொத்த வரம்பு அதைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம்.

லூப்பேக் டிடெக்‌ஷன், ஆர்எஸ்டிபி இரண்டில் ஒன்றையாவது இயக்கிவையுங்கள்; இரண்டும் வலைப்பின்னலில் உருவாகும் வட்டப்பாதையைக் கண்டு தடுப்பவை. யாரோ ஒருவர் மேசையடியில் கிடக்கும் கேபிளின் இரு முனைகளையும் சுவர்ப் போர்ட்டுகளில் மாட்டிவிட்டால் எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்படும் ஒளிபரப்பு ஃபிரேம்கள் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கும், அந்தச் சின்னச் செயலியும் திணறி மேலாண்மைப் பக்கமே திறக்காமல் போகலாம். ஈதர்நெட் ஃபிரேமில் சுற்று எண்ணிக்கையைக் குறைத்து அதைச் சாகடிக்கும் ஏற்பாடு இல்லாததே காரணம். இதைத் தடுக்கத்தான் 1985இல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். 2001இல் வந்த அதன் விரைவு வடிவமே ஆர்எஸ்டிபி.

எல்லாம் அமைத்துச் சேவ் செய்த அன்றே, டூல்ஸ் பட்டியலிலிருந்து அமைப்பைக் கோப்பாகத் தரவிறக்கித் தேதியோடு வேறொரு இடத்தில் வையுங்கள். ஸ்விட்சே எரிந்துபோனாலும் அதே மாதிரி இன்னொன்றில் அதை ஏற்றிச் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம். ஃபர்ம்வேர் மாற்றுவதற்கு முன்பும் இந்தப் பேக்கப் கட்டாயம், யுபிஎஸ்ஸும் கட்டாயம். ஏற்றி முடித்தபின் பக்கம் கோணல்மாணலாகத் தெரிந்தால் உலாவி தன் நினைவில் வைத்திருக்கும் பழைய பக்கங்களைக் காட்டுகிறது. கண்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்துங்கள்.

கமாண்ட் லைன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒன்றிரண்டு ஸ்விட்சுகள் உள்ள அலுவலகத்துக்கு உலாவியே போதும்; 24 போர்ட்டுகளும் கண்முன் கட்டமாகத் தெரிவதால் எது எந்த விலானில் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் பிடிக்கலாம். முப்பது ஸ்விட்சுகளுக்கு ஒரே விலானைச் சேர்க்க வேண்டும் என்றால் உலாவியில் ஆயிரம் முறை சொடுக்கி எங்கோ ஒரு வட்டத்தைத் தவறவிடுவோம். அங்கே எழுத்தாக இருக்கும் கட்டளைகளை ஒட்டிவிடுவதும், நேற்றைய அமைப்போடு இன்றையதை ஒப்பிடுவதும் எளிது. ஆனால் தொலைவிலிருந்து கமாண்ட் லைனைத் திறக்கும் எஸ்எஸ்எச் வழியே நுழைந்தாலும் போவது அதே வலைப்பின்னலின் வழியேதான்; விலானைத் தவறாக வெட்டினால் அதுவும் அறும். வலைப்பின்னலைச் சாராத வழி, ஸ்விட்சின் தனி முனையில் நேரடியாக மாட்டும் கன்சோல் கேபிள் ஒன்றுதான், உலாவியை நம்பி விற்கப்படும் ஸ்விட்சுகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. சிஸ்கோவின் பெரிய ஸ்விட்சுகளில் அனுபவசாலிகள் ஒரு வேலை செய்வார்கள்: மாற்றம் செய்வதற்கு முன் 'ரீலோட் இன் 10' என்று கட்டளையிட்டுவிடுவார்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுதொடக்கம் ஆகிப் பழைய அமைப்புக்குத் திரும்பும். அறாவிட்டால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டுச் சேவ் செய்வார்கள். உங்கள் ஸ்விட்சில் அந்த வசதியின் இடத்தில் மின் இணைப்பைப் பிடுங்குவது இருக்கிறது. எனவே விலான் வேலை செய்யும் நாளில் ரேக்குக்கு எட்டும் தூரத்திலேயே அமருங்கள், மடிக்கணினி 23ஆம் போர்ட்டில் இருக்கட்டும்.